இருபது நிமிஷக்காரர்

இந்த இனம் உங்கள் ஊரிலும் கட்டாயம் இருக்கும். எங்கள் ஊரில் கொஞ்சம் அதிகம். மழையும் பாசியும் போட்டி போட்டு வளர்கிற ஸ்காட்லாந்து மேற்குக் கடற்கரை எங்களுடையது. காடு வீட்டுக் கொல்லையிலேயே தொடங்கிவிடும், எங்கே முடிகிறது என்பதில்தான் தகராறு. இங்கே யார் வீட்டுக்காவது விருந்தாளியாகப் போங்கள். தேநீர் குடித்து முடித்து, நாற்காலியில் சாய்ந்து, அப்பாடா என்று நீங்கள் கண்ணை மூடுகிற நேரம் பார்த்து ஒருவர் எழுந்து நிற்பார். சன்னல் வழியாக வெளியே பார்ப்பார். இரண்டு கையையும் பரபரவென்று தேய்ப்பார். "சின்னதா ஒரு நடை போயிட்டு வருவமா? இருபதே நிமிஷம்" என்பார். அவர்தான். ஓடிவிடுங்கள்.

ஓட முடியாது என்பது வேறு விஷயம். அதற்குள் உங்கள் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலை அடைத்தபடி நின்றிருப்பார்.

இவரைப் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற எல்லா விஷயத்திலும் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுக்காரர். இருபது நிமிஷம் என்று சொல்லும்போது அதை மனதார நம்பித்தான் சொல்வார். நாலு மணி நேரம் கழித்து, ஒரு காலில் பூட்ஸ் இல்லாமல் நீங்கள் வீடு வந்து சேரும்போதும் நம்பிக்கொண்டுதான் இருப்பார். முழங்கால் வரை காய்ந்த சேறு, சட்டைப்பையில் போன வருஷத்து ஓக் கொட்டை, தோள்பையில் ஒரு பிளாஸ்க் நிறையத் தேநீர், அதைக் குடிக்க ஒரு கோப்பைகூட இல்லாமை, இவைதான் அங்க அடையாளங்கள். வரைபடமா? அது வெளியூர்க்காரர்களுக்கு. மழை பெய்தால் அது மழை இல்லை, "காத்துல கொஞ்சம் ஈரம்". நீங்கள் முட்டி வரை சேற்றில் இறங்கிவிட்டால் அது சேறு இல்லை, "மண்ணு கொஞ்சம் மெத்துனு இருக்கு". மிட்ஜ் எனும் பொடிக்கொசு லட்சக்கணக்கில் வந்து உங்கள் காதுக்குள் குடித்தனம் நடத்தினால், "காடு ஆரோக்கியமா இருக்குன்னு அர்த்தம்". உங்கள் ஆரோக்கியத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை.

திடீரென்று நின்று கையை உயர்த்துவார். "ஷ்ஷ்... கேளுங்க." நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பீர்கள். கேட்பது அவர் குரல்தான். என்ன பறவை, எங்கிருந்து வந்தது, அதைக் கேட்க ஏன் அமைதி தேவை என்று கால் மணி நேரம் விளக்குவார். பறவை அதற்குள் வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும்.

வரிசை வரிசையாக நட்ட ஊசியிலைத் தோப்பு வழியில் வந்தால், பங்காளிச் சண்டைக்காரன் வீட்டைக் கடப்பவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். ஓக்கும் பிர்ச்சும் ஹேசலும் ரோவனும் தாமாக முளைத்து, தாமாக விழுந்து, விழுந்ததன் மேலேயே மறுபடி முளைத்த நம் மண்ணின் அகன்ற இலைக் காடு வந்துவிட்டதோ, நடை தளர்ந்துவிடும். ஒவ்வொரு மரமாக நலம் விசாரிப்பார். தட்டிக் கொடுப்பார். உங்களையும் தட்டிக் கொடுக்கச் சொல்வார்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள், உயிர் காக்கும். வழி தெரியாமல் போனால் இந்த இனம் வழி தெரியவில்லை என்று சொல்லாது. நின்று ரசிக்க ஆரம்பித்துவிடும். எவ்வளவு நேரம் ரசிக்கிறாரோ அவ்வளவு தூரம் தொலைந்திருக்கிறோம் என்று கணக்கு.

எங்கள் வட்டாரத்து இருபது நிமிஷக்காரர்களுக்கெல்லாம் தலைவர் லாக்லன் மெக்விக்கர், என் அடுத்த வீட்டுக்காரர். முப்பத்தொரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அந்த முப்பத்தொரு வருஷமும் ஊர் தன் கடிகாரத்தை அவர் பேருந்தைப் பார்த்துத்தான் திருத்தியது. ஓய்வு பெற்ற அன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரிக்குள் போட்டார். அத்தோடு சரி. ஓக் காட்டை ஊரே சேர்ந்து பழைய பண்ணையிடமிருந்து வாங்கியபோது பாதைக் குழுவுக்கு அவரையே தலைவராக்கினோம். எந்தப் புத்தி கெட்ட வேளையோ.

அவர் மகள் கிர்ஸ்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளி விடுமுறைகளில் அப்பாவின் இருபது நிமிஷங்களால் ஒரு பல் டாக்டரையும், ஒரு பியானோ தேர்வையும், ஒரு சூரிய கிரகணத்தையும் தவறவிட்ட பெண். "நான் கட்டிக்கப்போறவன் சொன்ன நேரத்துக்கு வரணும், தூரத்தை மீட்டர்ல சொல்லணும். வேற ஒரு தகுதியும் வேண்டாம்" என்று பதினேழு வயதிலேயே அறிவித்தவள். தேடித் தேடி, கிளாஸ்கோவில் கண் பரிசோதனை செய்கிற கிரெய்க்கைக் கண்டுபிடித்தாள். முதல் சந்திப்புக்கு அவன் நாலு நிமிஷம் முன்னால் வந்து, காப்பிக் கடை வாசலில் அந்த நாலு நிமிஷமும் நின்றிருந்துவிட்டு, சரியான நேரத்துக்கு உள்ளே வந்தானாம். அவளுக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு ஊர் மண்டபத்தில் கல்யாணம். நடத்திவைக்க வந்த திருமதி இம்ரிக்கு அன்று மாலை தீவில் இன்னொரு கல்யாணம். மூன்று மணிப் படகை அவர் பிடித்தாக வேண்டும். இரண்டு மணிக்கு மாப்பிள்ளை இல்லையென்றால் கல்யாணமும் இல்லை. அவருக்கு அடுத்த ஒழிவு செப்டம்பர் கடைசியில்.

அன்று காலை பத்து மணி. கிர்ஸ்டி முடி அலங்காரத்துக்குப் போயிருந்தாள். அவள் அம்மா எஃபி மண்டபத்தில் மேசை போடக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, "இந்த மனுஷனை வாசல் தாண்ட விடாதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்" என்று காவலுக்கு வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை கிரெய்க் அப்போதே கட்டம் போட்ட கில்ட் பாவாடை, வெள்ளிப் பொத்தான் கோட்டு, முழங்கால் வரை காலுறை என்று முழு அலங்காரத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். நாலு மணி நேரத்தை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. லாக்லனுக்குத் தெரிந்திருந்தது.

"மாப்ள, சும்மா உக்காந்து நகத்தைக் கடிக்கறதுக்கு, சின்னதா ஒரு நடை?"

"எவ்வளவு தூரம் மாமா?"

"பக்கத்துலதான்."

"மீட்டர் கணக்குல சொன்னா நல்லா இருக்கும்."

லாக்லனை வாழ்நாளில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் யோசித்தார். "இருபது நிமிஷ மீட்டர்" என்றார்.

"அப்ப உடுப்பை மாத்திட்டு வந்துடறேன்."

"எதுக்கு? போன காலோட திரும்பப் போறோம். மாத்தற நேரத்துல போயே வந்துடலாம்."

"லாக்லன், எஃபி என்ன சொல்லிட்டுப் போச்சு?" என்றேன் நான்.

"வாசலைத் தாண்டக் கூடாதுன்னு சொன்னா. நாம பின்கதவு வழியா போறோம்."

என்ன காவல்! திருடனோடு காவல்காரனும் கிளம்பிவிட்டேன்.

எங்கள் காட்டில் நல்ல பாதியைச் சுற்றி மான் வேலி போட்டிருக்கிறோம். ஓக் கன்று நாலு இலை விட்டதும் மான் வந்து மொட்டையடித்துவிடும் என்பதால், ஆளுயரத்துக்கும் மேலே கம்பி வலை. அதற்கு ஒரே ஒரு கதவு. அந்தக் கதவைப் பற்றி லாக்லன் ஊருக்கு எடுத்த பாடம் கொஞ்சநஞ்சமா? தபால் நிலையத்தில், தேவாலய வாசலில், துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட எடுத்தார். "கதவு திறந்து கிடந்தா நின்னு யோசிக்காதீங்க. சங்கிலியைச் சுத்துங்க, பூட்டை அமுக்குங்க, சாவியைக் கொண்டுபோய் நம்ம குழுச் செயலாளர் வீட்டுத் தபால் துவாரத்துல போடுங்க. ஒரே ஒரு மான் போதும், பத்து வருஷக் காடு போச்சு!" ஊரும் நன்றாகப் படித்துத் தேறியிருந்தது.

லாக்லன் பூட்டைத் திறந்தார். கதவை விரியத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டார். "இப்ப வந்துடுவோம்" என்றார்.

உள்ளே போனோம். முதலில் ஒரு பெரிய ஓக் மரம். கிளையெல்லாம் பாசி, பாசியெல்லாம் பெரணி. "முந்நூறு வருஷம்! கட்டிப் பிடிங்க மாப்ள" என்றார். மரியாதைக்காகக் கிரெய்க் கட்டிப் பிடித்தான். கோட்டில் பச்சை ஒட்டிக்கொண்டது. வியர்வையில் டையைக் கழற்றிப் பைக்குள் செருகிக்கொண்டான். ஓடையைத் தாண்டினோம், அதே ஓடையை மறுபடி தாண்டினோம். மேகம் இறங்கி மரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. லாக்லன் நின்று ரசிக்க ஆரம்பித்தார்.

பதினொன்றரைக்கு இன்னொரு ஓக் மரம். "இது அதைவிடப் பெருசு. நானூறு!" என்றார். அதன் அடியில் ஒரு டை கிடந்தது. காட்டில் எதைக் கண்டெடுத்தாலும் கண்ணில் படும்படி தொங்கவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். தொலைத்தவர் திரும்பி வரும்போது எடுத்துக்கொள்வார். "பாவம், யாரோ விட்டுட்டுப் போயிருக்கான். இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல" என்று லாக்லன் அதை ஹேசல் கிளையில் பக்குவமாக மாட்டினார். கிரெய்க் பையைத் தொட்டுப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மாமனாரிடம் முதல் நாளே எதிர்த்துப் பேசலாமா?

பன்னிரண்டே காலுக்கு மூன்றாவது மரம். "இதுதான் காட்டுக்கே தலைவர். ஐந்நூறுக்கு ஒரு நாள் குறையாது!"

ஒரே காலையில் அந்த மரத்துக்கு இருநூறு வயது கூடிவிட்டது. ஹேசல் கிளையில் டை ஆடிக்கொண்டிருந்தது.

"மாமா, இது என் டை."

"உங்களோடதா? இங்க எப்படி வந்துச்சு?"

"அது வரல மாமா. நாமதான் வந்துக்கிட்டே இருக்கோம்."

லாக்லன் இடி விழுந்ததைப் போல நிற்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மரத்தை அண்ணாந்து பார்த்து, "மூணு பக்கத்துலேருந்து பாத்தும் மூணு தடவையும் புதுசா இருந்துச்சு பாத்தீங்களா?" என்றார். இப்படிப்பட்டவரை எதைக் கொண்டு அடிப்பது?

அப்போதுதான் அது நடந்தது. மேகம் விலகியது. நனைந்த இலைகளுக்கு ஊடாக வெயில் இறங்கி, பாசி ஒவ்வொன்றும் விளக்கேற்றிய மாதிரி ஆகிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, தலை முதல் கால் வரை நனைந்து, பசித்து, மிட்ஜ் கடித்து உதடு வீங்கியிருந்த எனக்கும் அந்த நிமிஷம் சிரிப்பு சிரிப்பாக வந்தது. அவ்வளவு சந்தோஷம். கிரெய்க்கைப் பார்த்தேன். யாரும் சொல்லாமலேயே அவன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். "மாமா, அந்தச் சாம்பல் கலர் பட்டை என்ன மரம்?" என்றான். காலையிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்த பையன், அதன் பிறகு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. நோய் தொற்றியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

வேலியைக் கண்டுபிடித்து, அதை இடது கையால் தடவிக்கொண்டே நடந்து, ஒன்றரை மணிக்குக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். கதவில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. சாவி இல்லை.

"அருமை!" என்றார் லாக்லன். உண்மையாகவே அவருக்குப் பெருமை. "யாரோ பாடத்தை ஒழுங்கா படிச்சிருக்காங்க."

கைபேசியில் சிக்னல் கிடையாது. அது எங்கள் ஊருக்குள்ளேயே நாள் கிழமைக்குத்தான் வரும். மூன்று பேரும் கத்தினோம். ஒரு காக்கை பதில் சொன்னது.

அதே நேரம் மண்டபத்தில் நடந்ததை எஃபி எனக்குப் பிறகு சொன்னார். எங்கள் ஊர்த் திருமதி கன் தன் புதுத் தொப்பியும் தானுமாக வந்து இறங்கி, "லாக்லன் எங்க? அவர்கிட்ட ஒரு நல்ல சேதி சொல்லணும். மான் கதவு ஆன்னு திறந்து கிடந்துச்சு, நான்தான் பூட்டினேன்! சாவியைச் செயலாளர் வீட்டுல போட்டுட்டேன்!" என்றாராம். செயலாளர் ஸ்பெயினில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். வெள்ளை கவுனில் நின்ற கிர்ஸ்டி சமையலறைக்குப் பின்னால் இருந்த கருவிப்பெட்டியைத் திறந்து, கம்பி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

இரண்டே காலுக்கு மொத்தக் கல்யாணமும் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. தொப்பிகள், கில்ட்டுகள், பேக்பைப் வாத்தியம் ஊதுகிற ஒருவர், நடுவில் கத்தரியோடு கல்யாணப் பெண்.

"இருபது நிமிஷமா அப்பா?"

"கொஞ்சம் முன்னப்பின்ன ஆயிடுச்சும்மா."

"நகருங்க. வேலியை வெட்டப் போறேன்." சங்கிலி கட்டை விரல் தடிமன், கத்தரி வலையைத்தான் வெட்டும்.

லாக்லன் இரண்டு கையையும் விரித்து வேலியோடு ஒட்டிக்கொண்டார். "என்னை வெட்டு! வேலியை வெட்டாதே! மான் பூந்துடும்!"

"மான் பூந்தா பூரட்டும்! என் கல்யாணத்தைவிட உங்களுக்கு ஓக் கன்னு பெருசா?"

லாக்லன் மகளையும் பார்த்தார், வேலியையும் பார்த்தார், கையை மட்டும் இறக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது. அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கிர்ஸ்டி... வெட்ட வேண்டாமே. உள்ள இவ்ளோண்டு கன்னுங்க இருக்கு. நாலு நாலு இலைதான் விட்டிருக்கு."

கிரெய்க்! கத்தரி கிர்ஸ்டியின் கையில் அப்படியே நின்றுவிட்டது. தலையில் பெரணி, கோட்டில் பாசி, முகமெல்லாம் கொசுக்கடி, அதில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவளுக்கு அடையாளம் தெரிந்தது; பிறந்ததிலிருந்து அதைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே பார்த்து வளர்ந்தவள் அல்லவா? "ஐயோ" என்றாள், மெல்ல.

திருமதி இம்ரி கடிகாரத்தைத் தட்டினார். "ஏம்மா, இந்த நாட்டுல கல்யாணத்துக்குச் சுவரும் கூரையும் தேவையில்ல. மாப்பிள்ளை கண்ணுக்குத் தெரியறார், பேச்சு காதுல விழுது. எனக்கு அது போதும். வேணுமா, வேண்டாமா? மூணு மணிக்குப் படகு."

கிர்ஸ்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். கத்தரியைத் திருமதி கன்னின் கையில் கொடுத்தாள். "உறுதிமொழியைப் படிங்க" என்றாள் திருமதி இம்ரியிடம்.

மிட்ஜ் கூட்டம் கல்யாணத்துக்கு முழுதாக வந்திருந்ததால் உறுதிமொழிகள் எங்கள் ஊர் வரலாறு காணாத வேகத்தில் நடந்தன. மோதிரம் வலைக்கண் வழியாகப் போனது. பத்திரத்தைச் சுருட்டி நீட்டினார்கள்; சாட்சியாக உள்ளே நான் கையெழுத்துப் போட்டேன், வெளியே திருமதி கன் போட்டார். முத்தத்துக்கும் குறையில்லை. வலையின் கண்ணிகள் மான் நுழையாத அளவுக்குச் சின்னவை, மூக்கு நுழையும் அளவுக்குப் பெரியவை. பைப் முழங்கியது. லாக்லன் ஒரு பிர்ச் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். திருமதி இம்ரி பத்திரத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு படகுக்கு ஓடினார்.

மூன்றரைக்குப் பட்டறைக்காரர் இயந்திர ரம்பத்தோடு வந்து சங்கிலியை அறுத்தார். கதவு திறந்தது. மண்டபத்தில் கறிப் பலகாரமும் உருளைக்கிழங்கும் சூடாகக் காத்திருக்கின்றன, நாற்பது பேருக்குக் குடல் கூப்பாடு போடுகிறது. நான் முதல் ஆளாக வெளியே பாய்ந்தேன். மாப்பிள்ளை மட்டும் நகரவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டு மனைவியின் கையைப் பிடித்தான்.

"கிர்ஸ்டி, உள்ள ஒரு ஓக் மரம் இருக்கு. நீ ஒரு தடவை பாக்கணும்."

"எவ்வளவு தூரம்?"

கிளாஸ்கோவின் மிகத் துல்லியமான மனிதன் கைகளைத் தேய்த்தான். "பக்கத்துலதான். இருபதே நிமிஷம்."

கிர்ஸ்டி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் தோள் குலுங்க நின்றாள். பிறகு குனிந்து, வெள்ளைக் குதிகால் செருப்புகளைக் கழற்றி அம்மாவிடம் நீட்டினாள். எஃபி வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து, மகளின் அளவில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்துக் கீழே வைத்தார். "உன் நிச்சயதார்த்தத்து அன்னிக்கே வாங்கி வச்சுட்டேன்டி. முப்பத்தஞ்சு வருஷமா நானும் ஒரு ஜோடி வண்டியிலதான் வச்சிருக்கேன்" என்றார்.

அவர்கள் உள்ளே போனார்கள். பின்னாலேயே லாக்லன் போனார். தொப்பிகள் போயின, பைப் போனது, பட்டறைக்காரர் ரம்பத்தோடு போனார். கடைசியில் யாரோ கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். திரும்பிப் பார்த்தால், நான்தான்.

இந்த நோய்க்கு மருந்து இல்லை. முன்னால் போகிறவரை மட்டும்தான் தாக்கும் என்று நினைத்துப் பின்னால் வருகிறவர்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். பரவுவதே அவர்கள் வழியாகத்தான். எங்கே போகிறோம், எவ்வளவு தூரம் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல், சேற்றில் என் பின்னாலேயே இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே, உங்களுக்கு உடம்பில் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? உள்ளங்கை இரண்டையும் கொஞ்சம் பாருங்கள். தேய்த்துக்கொண்டா இருக்கிறீர்கள்?